எம்.ஆர்.ஐ. கயிறு

பிரபாகர் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் துலக்கினான். காப்பி போட்டான், குடித்தான். துணியை மெஷினில் போட்டு, அது சுற்றி முடிக்கும்வரை முன்னால் நின்றான். மூங்கில் கழியில் சட்டைகளை மாட்டிச் சன்னலுக்கு வெளியே நீட்டினான். மழை வருவதுபோல் இருந்தது. கழியை உள்ளே இழுத்தான். குளித்துவிட்டுக் கதவைப் பூட்டினான். பூட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் இன்னொரு நாள் அவனைக் கேட்காமலேயே ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கு அவனுக்கு விடுப்பு. போன மார்ச்சில் வைஷாலி இறந்தபோது அலுவலகம் மூன்று நாள் கொடுத்தது. மனைவி போனால் மூன்று நாள் துக்கம், நாலாம் நாள் சரியாகிவிடும் என்று மனிதவளத் துறையில் யாரோ ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அவனும் நாலாம் நாள் போய் உட்கார்ந்துகொண்டான். சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் எக்ஸ்ரே திரையைப் பார்ப்பது அவன் வேலை. பெட்டிக்குள் சந்தேகமாக ஏதாவது நிழல் தெரிந்தால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். ஆறு மாதம் கழித்து வா என்று பெட்டியிடம் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

வைஷாலியிடம் சொன்னார்கள். அவளுக்கு முப்பத்தோரு வயதில் இடது மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. ஒரு கிளினிக்கில் அல்ட்ராசவுண்ட் எடுத்து, ‘பெரும்பாலும் ஆபத்தில்லாதது, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை இருவருமே கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் போய்ப் பிரியாணி சாப்பிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து அது புற்று என்றார்கள். அதற்குப் பிறகு படம் எடுப்பதில் யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. பெரிய மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், சி.டி. எடுத்தார்கள், உடம்பு முழுக்க ஒளிரும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். கதிர்வீச்சை எங்கே குறிவைப்பது என்று ஸ்கேன் பார்த்து முடிவு செய்து, அவள் தோலில் மூன்று சின்னப் புள்ளி பச்சை குத்தினார்கள். கட்டி சுருங்குகிறது என்று படம் சொன்னபோது அதே மருந்தைத் தொடர்ந்தார்கள். கல்லீரலில் புள்ளி என்று படம் சொன்னபோது மருந்தை மாற்றினார்கள். அவர்கள் கல்யாண ஆல்பத்தில் நானூறு படங்கள். ஒரே ஒரு ஸ்கேனில் ஆயிரத்து இருநூறு. புகைப்படக்காரர் அளவுக்கு அது யாரையும் சிரிக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை என்பதும் நல்ல விஷயம்தான்.

இப்போது அவளுடைய அம்மாவின் முறை. பரம்பரையில் கோளாறான மரபணு ஒன்று இருக்கிறது, அம்மாவையும் பாருங்கள் என்றார் மருத்துவர். ரத்தப் பரிசோதனையில் பாக்கியலட்சுமிக்கும் அது இருந்தது. மார்பக எக்ஸ்ரேயில் ஒரு மங்கல். ‘எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெளிவாகும்’ என்றார்கள். பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறவிட்டால் அடுத்தது ஏழு வாரம் கழித்து. ஏழு வாரத்தில் ஒரு புள்ளி என்னவெல்லாம் செய்யும் என்பதை பிரபாகர் ஏற்கெனவே படம் படமாகப் பார்த்தவன்.

மாமனார் சிதம்பரம், முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், கிளமெண்டியிலிருந்து மனைவியை ஒன்பதரைக்கே மருத்துவமனைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார். இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் சிரிக்கும் குடும்பம் ஒன்று ஆரோக்கியத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்கேன் எடுக்கும் பெண் வந்தாள். மர்யம் என்று சட்டையில் எழுதியிருந்தது. தமிழ் பேசினாள்.

“ஆன்ட்டி, நகை எல்லாம் கழட்டணும். வளையல், தோடு, செயின், எல்லாம்.”

வளையல் வந்தது. தோடு வந்தது. பாக்கியலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

“இதைக் கழட்ட மாட்டேன்.”

“தாலியா ஆன்ட்டி? அதையும் கழட்டணும் லா.”

“தங்கம்தான்மா. தங்கத்தைக் காந்தம் இழுக்காதுன்னு எனக்குத் தெரியும். நானும் படிச்சவதான்.”

“தங்கத்தை இழுக்காது, ஆனா படத்தைக் கெடுத்துடும். அப்புறம் அதுல தொங்குதே, அது என்ன?”

எல்லோரும் பார்த்தார்கள். தாலிச் சங்கிலியில் ஐந்து ஊக்குகள் தொங்கின. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நாற்பது வருடமாகச் சேர்ந்தவை. மாமாவின் ஆயுளும் ஐந்து ஊக்குகளும் ஒரே சங்கிலியில் பத்திரமாக இருந்தன.

“ஆன்ட்டி, இதோட உள்ள போனீங்கன்னா அஞ்சும் பறக்கும். மெஷின் விலை தெரியுமா?”

“ஊக்கைக் கழட்டுறேன். தாலியைக் கழட்ட மாட்டேன்.”

“கழட்டு பாக்கியம்,” என்றார் சிதம்பரம். “எனக்கு ஒன்னும் ஆகாது. எழுபது வயசு ஆச்சு. ஆனாலும் என்ன இப்போ?”

“வாயைக் கழுவுங்க. உங்க உசுரு உங்களுக்கு விளையாட்டா?” அவள் குரல் தாழ்ந்தது. “அவ கழட்டினா. அன்னிக்கே சொன்னேன், கேட்டாளா? சிரிச்சுக்கிட்டே கழட்டிப் புருசன் கையில குடுத்துட்டு உள்ள போனா. அதோட சரி. எல்லாம் அன்னிலேர்ந்துதான்.”

உண்மைதான். வைஷாலி அப்படித்தான் போனாள். பெயர் ஒட்டிய பிளாஸ்டிக் பையில் தாலியைப் போட்டு அவனிடம் நீட்டி, “தொலைச்சிடாத, ரெண்டாவது கல்யாணத்துக்கு ஆகும்” என்றாள். அவன் நாற்பது நிமிடம் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அத்தை,” என்றான் பிரபாகர், “தாலியைக் கழட்டினா புருசனுக்குத்தானே ஆபத்து? அந்தக் கணக்குப்படி போயிருக்க வேண்டியது நான்தான்.”

பாக்கியலட்சுமி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“எமன் அட்ரஸ் மாறிப் போயிட்டான், மாப்பிள்ளை.”

அதற்குமேல் தர்க்கம் பேசி ஜெயிக்க முடியாது என்பது அவனுக்குப் புரிந்தது. மர்யமைத் தனியே கூப்பிட்டான்.

“எவ்வளவு நேரம் தர முடியும்?”

“அடுத்த பேஷண்ட் வந்துட்டாரு. அவரை முதல்ல எடுக்கிறேன். அரை மணி நேரம், கூடிப் போனா முப்பத்தஞ்சு நிமிசம். அதுக்கு மேல என் கையில இல்ல, அண்ணே.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மஞ்சக்கயிறு கட்டிட்டு வர்றாங்க சில பேரு. அது ஓகே. ஜரிகை மட்டும் இருக்கக் கூடாது.”

லிட்டில் இந்தியா டாக்சியில் ஏழு நிமிடம். பஃபலோ ரோட்டில் மாலை கட்டும் கடைகள் வரிசையாக இருந்தன. மல்லிகை வாசனை மூக்கில் ஏறியது. மார்ச்சில் வைஷாலிக்கு அவன் மாலை வாங்கியது இங்கேதான். அந்தக் கடையைத் தாண்டி அடுத்த கடையில் நின்றான். பரமசிவம் என்ற கடைக்காரர் சாமந்தி கோத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

“தாலிக்கயிறு வேணும்.”

“கல்யாணமா தம்பி? மாப்பிள்ளை நீங்கதானா? முகத்துல சிரிப்பே காணோமே!”

“ஸ்கேனுக்கு.”

பரமசிவத்தின் கை நிற்கக்கூட இல்லை. “எம்.ஆர்.ஐ.யா, சி.டி.யா?”

“எம்.ஆர்.ஐ.”

“அதை முதல்லயே சொல்லக் கூடாதா?” கீழே குனிந்து ஒரு டப்பாவை எடுத்தார். “இது சுத்தமான நூலு. ஜரிகை இல்ல, மணி இல்ல, ஒன்னும் இல்ல. வெறும் மஞ்சக் கிழங்கு கட்டியிருக்கு. வாரத்துக்கு நாலு போவுது. கல்யாணத்துக்கு ரெண்டுதான் போவுது.” காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். “யாருக்கு? சம்சாரத்துக்கா?”

“மாமியாருக்கு.”

“அட! மாமியாருக்காக இப்படி ஓடுற மாப்பிள்ளையை இப்பதான் பாக்கிறேன். உங்க வீட்டம்மா குடுத்து வச்சவங்க.”

பிரபாகர் ஆமாம் என்றான்.

திரும்பி வந்தபோது மர்யம் வாசலிலேயே நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினாள். ஆறு நிமிடம் இருந்தது. உடை மாற்றும் அறைக்கு வெளியே, சக்கர நாற்காலிகள் நிறுத்திவைக்கும் இடத்தில், மருத்துவமனை அங்கி அணிந்த பாக்கியலட்சுமி கிழக்கு எது என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. மர்யம் கைபேசியைப் பார்த்துச் சொன்னாள். லிஃப்ட் இருந்த பக்கம்.

“முதல்ல இதைக் கட்டணும். அப்புறம்தான் அதைக் கழட்டணும். நடுவுல ஒரு செகண்ட்கூட கழுத்து வெறுமையா இருக்கக் கூடாது.”

சிதம்பரம் கயிற்றை வாங்கி அவள் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். முப்பது வருடம் இரட்டை மாடிப் பேருந்தைச் சந்துக்குள் திருப்பிய கை. முதல் முடிச்சு நழுவியது. “நல்லா இறுக்கிப் போடுங்க, அப்பவும் இப்படித்தான் சொதப்புனீங்க” என்றாள் மனைவி. மூன்று முடிச்சும் விழுந்தன. காலில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் ஒருவர், என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே கைதட்டினார். ஸ்கேன் பகுதியில் இதுவரை நடந்த கல்யாணங்களிலேயே இதுதான் சிறந்தது என்று மர்யம் சான்றிதழ் வழங்கினாள்.

தங்கத் தாலி சிதம்பரத்தின் சட்டைப் பைக்குப் போனது. ஊக்குகளையும் அவர் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொண்டார்.

கனமான கதவு திறந்தது. உள்ளே இயந்திரம் வட்ட வாயைத் திறந்து காத்திருந்தது. பாக்கியலட்சுமி வாசலில் நின்றுவிட்டாள்.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க அத்தை.”

“கடைசியா நீங்கதான் அவ பக்கத்துல இருந்தீங்க. நான் குளிக்க வீட்டுக்குப் போயிட்டேன். அவ என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?”

மர்யம் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மாதமாக யாருமே இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு அவனிடம் எதுவும் தயாராக இல்லை. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

“அம்மாவை ஸ்கேன் எடுத்துக்கச் சொல்லுன்னு சொன்னா, அத்தை. தள்ளிப் போட விடாதேன்னா.”

அவள் தலையாட்டினாள். உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. சற்று நேரத்தில் யாரோ தகரக் கூரையில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டது. சிதம்பரம் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரபாகர் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. ஆனாலும் நன்றாகத்தான் வந்திருந்தது.

படத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அடுத்த வாரம் ஸ்கேன் பார்த்தே ஊசியைச் செலுத்தித் துளி சதை எடுத்தார்கள். புற்றுதான். எட்டு மில்லிமீட்டர். மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்பில் வெள்ளையாக ஒரு பச்சரிசி அளவு. “ரொம்பச் சின்னதிலேயே பிடித்துவிட்டோம், எடுத்துவிடலாம்” என்றார். ‘பெரும்பாலும்’ என்று சொல்வாரா என்று பிரபாகர் காத்திருந்தான். சொல்லவில்லை. இரண்டரை வருடத்தில் ஒரு படம் நிலைக்கக்கூடிய நல்ல சேதி சொன்னதை அவன் முதல்முறையாகக் கேட்டான். அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தான்.

சிதம்பரம் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்க வரிசையில் நின்றார். பாக்கியலட்சுமி நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து இருக்கையைத் தட்டினாள். அவன் உட்கார்ந்தான்.

“அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டா, மாப்பிள்ளை.”

“எப்படி?”

“ஸ்கேன் எடுத்துக்க, தள்ளிப் போடாதேன்னு. அது உங்க பேச்சு. அவ பேச்சு எனக்குத் தெரியாதா? நான் பெத்தது.” அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “அன்னிக்கு அந்த வார்த்தைதான் என்னை உள்ள தள்ளுச்சு. அதனால கோவம் இல்ல. ஆனா நெசமாவே என்ன சொன்னா?”

“வேணாம் அத்தை.”

“நான் பாத்துக்கிறேன். சொல்லுங்க.”

“உங்ககிட்ட சொல்ல வேணாம்னா.”

“பரவாயில்ல. அவளைத் திட்ட மாட்டேன்.”

வைஷாலியின் கடைசி நாள் மத்தியானம் அத்தை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன தூக்கைத் திறந்து, பிரபாகர் இரண்டு கரண்டி ஊட்டியிருந்தான். மூன்றாவதுக்கு அவள் உதட்டை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தாள். அம்மா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டாள். தெளிவாகத்தான் பேசினாள். பிறகு தூங்கினாள். அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை.

பிரபாகர் அதை அப்படியே சொன்னான்.

“ரசத்துல உப்பே இல்ல. அம்மாகிட்ட சொல்லிடாத, பாவம்.”