முகர்ந்து சொன்னவர்

வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து மாலையை வெளியே எடுத்ததும் கிருஷ்ணப்பன் அதை முகத்தருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தார். சம்பங்கியும் மரிக்கொழுந்தும் நெருக்கிக் கட்டிய மாலை. கண்ணைக்கூட லேசாக மூடிக்கொண்டார். கூடத்தில் வேறு யாரும் இல்லை. டிரைவரும் கட்சிக்காரர்களும் வாசலில் காத்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி கெங்கம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நான் மட்டும்தான கீறேன். என்கிட்ட இன்னாத்துக்கு மோந்து காட்ற?"

அவர் மாலையைத் திரும்ப இலையில் வைத்துவிட்டார். அவருக்கு வாசனை தெரியாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் மல்லிகை போனது, பிறகு மீன் குழம்பு, கடைசியில் சாக்கடையும் போனது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்துத்தான் கெங்கம்மாவுக்கு விஷயம் பிடிபட்டது. பெரம்பூருக்கு அந்தப் பக்கம், தன் முகம் தெரியாத ஒரு டாக்டராகத் தேடிப் போய்க் காட்டினார். வாலிபத்தில் வேலை செய்த இடத்தில் மூச்சோடு குடித்த குளோரின் உள்ளே இருக்கிற நரம்பைத் தின்றுவிட்டது, இனிமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது காரில் கிருஷ்ணப்பன் மனைவியிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், இது நம் ரெண்டு பேரோடு இருக்கட்டும் என்று. அவளும் வைத்துக்கொண்டாள்.

வேறொருத்தர் என்றால் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கிருஷ்ணப்பன் மூக்கால் பிழைத்தவர். எர்ணாவூர்ப் பக்கம் மேரிகோல்டு கெமிக்கல்ஸ் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. வாசல் வளைவில் சாமந்திப் பூ வரைந்திருப்பதால் ஊர் அதைப் பூக் கம்பெனி என்று கூப்பிடும். உள்ளே காய்ச்சுவது குளோரின். அங்கே கிருஷ்ணப்பன் வால்வு பார்க்கிற வேலையில் இருந்தபோது மீட்டரின் முள் அசைவதற்கு முன்னால் அவர் மூக்கு அசையும் என்று பேர். ஒருநாள் ஷிஃப்டில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்க இவர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடி வால்வை மூடினார். அன்றைக்கு உயிரோடு வீட்டுக்குப் போனவர்கள்தான் அவரைச் சங்கத் தலைவராக்கினார்கள். அப்புறம் ஊர் எம்.எல்.ஏ. ஆக்கியது. ஐந்து தடவை ஆக்கியது. எங்கே நாற்றம் என்றாலும் ஜனங்கள் முதலில் அவருக்குத்தான் போன் அடிப்பார்கள். அவர் வருவார், நடுத்தெருவில் நின்று நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுப்பார், சொல்வார். சொன்னால் சொன்னதுதான். அதிகாரிகள் கொண்டுவருகிற கருவியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சட்டசபையிலும் அந்த மூக்கை வைத்துத்தான் பேசினார். வடசென்னையில் மூச்சு விட முடியவில்லை, கம்பெனிகளை மூட வேண்டும் என்று யாராவது எழுந்தால் போதும், இவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். "புகை நின்னா உலை நின்னுடும். நான் அந்தக் காத்தைக் குடிச்சு வளர்ந்தவன், எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்று நெஞ்சில் தட்டிக் கேட்பார். இரண்டு பக்கத்திலும் மேஜையைத் தட்டுவார்கள். இதற்காக யாரும் அவருக்குப் பெட்டி கொடுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மில்லை மூடிய தெருக்களை அவர் பார்த்திருக்கிறார். வேலை போன ஆண்கள் பகலில் வாசற்படியில் உட்கார்ந்திருப்பதையும், அவர்களில் சிலர் பிறகு உத்தரத்தில் தொங்கியதையும் பார்த்திருக்கிறார். பசியைவிடப் புகை மேல் என்று மனசார நம்பினார். உள்ளூர் ஆளுக்கு வேலை கொடுக்கச் சொல்லி அதே பூக் கம்பெனி வாசலில் மறியல் செய்து வாங்கியும் கொடுத்தார். டாக்டர் சொன்னதற்குப் பிறகு வந்த கூட்டத்தொடரிலும் அதே நெஞ்சில் தட்டி அதே கேள்வியைக் கேட்டார். குரலில் ஒரு பிசிறில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகியவர்களுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற வாரியக் குடியிருப்பிலிருந்து போன் வந்தது. பிளீச்சிங் பவுடர் நாற்றம் அடிக்கிறது, கண் எரிகிறது என்றார்கள். வழியிலேயே கம்பெனி மேனேஜர் ஜெபசிங்கைக் கூப்பிட்டுக் கேட்டார். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, யாரோ வதந்தி கிளப்புகிறார்கள் என்றார் ஜெபசிங். குடியிருப்பு ஜனங்கள் மொத்தமும் தெருவில் இறங்கி முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றார்கள். இவரைப் பார்த்ததும் வழி விட்டார்கள். டிவிக்காரன் மைக்கோடு ஓடி வந்தான். கிருஷ்ணப்பன் நடுத்தெருவில் நின்று மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. எப்போதும்போல ஒன்றுமில்லை; அந்தக் காற்றிலேயே பழகிப்போன கண்ணுக்கும் எரிச்சல் தெரியவில்லை. எனக்குத் தெரியாது, எதற்கும் எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்கள் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அவர் பூத் ஏஜென்ட் வல்லரசுவின் மகள் ஷாலு, டோல்கேட் ஜவுளிக்கடையில் வேலை செய்கிற பெண், கண்ணைக் கசக்கிக்கொண்டே முன்னால் வந்து, எரியுது தலைவரே என்றாள். தலைவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா என்று வல்லரசு அவளை அடக்கினார். "ஒண்ணும் இல்ல. அல்லாரும் வூட்டுக்குப் போங்க," என்றார் கிருஷ்ணப்பன். ஜனங்கள் முகத்திலிருந்த துணியை எடுத்துவிட்டுப் படியேறினார்கள். வல்லரசுவின் மனைவி கார்குழலி மட்டும் கீழ்ப்படியில் கொஞ்சம் தயங்கினாள். அவளுக்கு வீசிங் உண்டு. வல்லரசு அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரியே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார்குழலி விடியும் வரை தாங்கவில்லை. ஏற்கெனவே இருந்த மூச்சுக் கோளாறு என்று எழுதினார்கள். கசிவே கிடையாது, தொகுதி எம்.எல்.ஏ.வே முகமூடி இல்லாமல் அங்கே நின்றார் என்று கம்பெனி அறிக்கை விட்டது. அவர் மூச்சை இழுக்கிற காட்சியை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கும்போது ஆத்திரமும் வருகிறது, அடுத்து நடந்ததை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. ஏனென்றால் அன்றிலிருந்து அவருக்கு வாசனை வர ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு வாசனை. குளிக்கும்போது தண்ணீரிலிருந்து வந்தது, சோற்றைப் பிசைந்தால் சோற்றிலிருந்து வந்தது, தலையணையில் முகத்தைப் புதைத்தால் அங்கேயும் இருந்தது. மூக்கின் அடியில் பிடித்துக்கொண்டு தொண்டையை அறுக்கிற பச்சைக் குளோரின். சன்னல்களை எல்லாம் அவரே ஓடி ஓடித் திறந்தார். பீரோவுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். கெங்கம்மா ஒரு மூலை விடாமல் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்றாள். பினாயில் பாட்டிலை மூக்கில் கவிழ்க்காத குறையாக வைத்துப் பார்த்தார். பினாயில் தெரியவில்லை. அதன் மேலும் குளோரின்தான் இருந்தது.

இன்றைக்கு மூன்றாம் நாள். கார்குழலியின் தம்பி பம்பாயிலிருந்து வந்து சேர வேண்டும் என்று எடுக்காமல் வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வராத எம்.எல்.ஏ.வை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள், சாவுக்கு வராதவரை மறக்க மாட்டார்கள் என்பது கிருஷ்ணப்பனின் அரசியல் பாடம். எந்தச் சாவானாலும் ஆள் விட்டு மாலை அனுப்புவது கிடையாது. தானே போய், பக்கத்தில் குனிந்து, தன் கையாலேயே போடுவார். அவர் செருப்பை மாட்டும்போது கெங்கம்மா கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாலைய மட்டும் போட்டுட்டு வந்துடாத," என்றாள்.

அவர் காரில் ஏறினார்.

குடியிருப்பில் நேற்று மத்தியானத்திலிருந்தே கரண்ட் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்றார்கள். சித்திரை வெயில் காலையிலேயே தெருவைப் பிளந்தது. வல்லரசுவின் வீடு இரண்டாவது மாடியில். படிக்கட்டில் ஏறும்போதே கூட வந்த கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்குவதைக் கிருஷ்ணப்பன் கவனித்தார், காரணம் புரியவில்லை. மேலே வராந்தாவில் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ சாம்பிராணியைக் கொட்டிக் கொட்டிப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வல்லரசு வாசலில் நின்றார். துண்டால் வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டியிருந்தவர், தலைவரைக் கண்டதும் அதை இறக்கிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் ஒரு பக்கம் வீங்கிக் கன்றிப் போயிருந்தது.

"தப்பு என் மேலதான் தலைவரே. வீசிங்குக்கு வாயில அடிக்கிற பம்பு தீந்துபோச்சு, பம்பு தீந்துபோச்சுன்னு சொல்லிகினே கெடந்துச்சு. நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு இஸ்துகினே போனேன். நீங்க வந்து மோந்து பாத்து சொன்னதாலதான் எனக்கு வெவரம் தெரிஞ்சுது. இல்லாங்காட்டி அநியாயமா கம்பெனி மேல பழி போட்டுகினு இருந்திருப்பேன்."

கிருஷ்ணப்பன் எத்தனையோ சாவு வீடுகளில் எத்தனையோ ஆறுதல் சொன்னவர். இப்போது வல்லரசுவின் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டு உள்ளே போனார்.

அறையில் புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் முன்னால் மெழுகுவத்தி எரிந்தது. ஃப்ரீசர் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே ஐஸ் பாளங்களை அடுக்கியிருந்தார்கள். முக்கால்வாசி கரைந்து தரையெல்லாம் ஈரமாக இருந்தது. கார்குழலியின் கால்மாட்டில் ஷாலு மட்டும் துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணப்பன் வழக்கம்போலக் குனிந்தார். முகம் முகத்துக்கு அருகில் வரும்வரை குனிந்து மாலையைக் கழுத்தோரம் வைத்து, விலகிய புடவையைச் சரிசெய்தார். அவருக்கு அங்கேயும் குளோரின்தான் அடித்தது. அவள் மூடிய உதட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அது வருவதைப்போல இருந்தது. நிமிர வேண்டும் என்று நினைத்தார், உடம்பு வரவில்லை. வராந்தாவில் ஒரு கிழவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: நாம நிக்க முடியாம வெளியே கீறோம், மூக்குல ஒரு கை வெக்கல பாரு, அதான் மனுசன்.

அவர் நிமிர்ந்தபோது ஷாலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய கண்கள். ஆனால் அந்தப் பார்வையில் அழுகை இல்லை. அவர் மூக்கைப் பார்த்தாள், கரைகிற ஐஸைப் பார்த்தாள், மறுபடி மூக்கைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நாத்தம் தெரியலையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"செத்தவங்ககிட்ட நாத்தம் பாக்கலாமாம்மா?"

மேடையில் இருந்தால் கைதட்டு விழுந்திருக்கும் பதில். அது வாயை விட்டுப் போனதும் கிருஷ்ணப்பனுக்கே கூசியது.

"பெத்த பொண்ணு நானே துணி கட்டிகினுதான் கீறேன்," என்றாள் ஷாலு. "அன்னிக்கும் உங்களுக்குத் தெரியல. இல்ல?"

அவர் வாசலைப் பார்த்தார். சத்தம் போட்டு ஊரைக் கூட்டுவாள் என்று பயந்தார். கூட்டினால்கூட நல்லதுதான் என்றும் தோன்றியது. ஒன்று தெரிந்தது: இன்றைக்கு இந்த அறையை விட்டுப் பொய்யோடு வெளியே போனால், அந்த வாசனை சாகிற வரைக்கும் கூடவே வரும்.

"தெரியாதும்மா," என்றார். "ரொம்ப வருசமாத் தெரியாது."

ஷாலு சத்தம் போடவில்லை. அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுவரைக் காட்டினாள். கண்ணாடி மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து, ஒரு ஆள் உயரத்தில் கறையாக இருந்தது.

"பம்பு வாங்கித் தரல, நான்தான் கொன்னுட்டேன்னு எங்க நைனா அந்த செவுத்துல முட்டிகினு கீறாரு. என்கிட்ட சொல்லாதீங்க. அவுருகிட்ட சொல்லுங்க."

அவர் பேச வாயெடுப்பதற்குள் அவள் எழுந்து வாசல் பக்கம் திரும்பி, "நைனா, உள்ள வா. தலைவர் உன்கிட்ட இன்னாமோ சொல்லணுமாம்," என்றாள்.

வல்லரசு உள்ளே வந்தார். மறுபடி துண்டை முகத்தில் கட்டியிருந்தார். தலைவர் தனக்காகக் காத்திருப்பதைப் பார்த்ததும் பதறிப்போய் முடிச்சை அவிழ்த்து, துண்டை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கட்டி நின்றார். அந்த நாற்றத்தில் அவர் முகம் ஒரு கணம் கோணியது. உடனே மூச்சைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது. துண்டை மட்டும் மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. சொல்லுங்க என்பதுபோலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூச்சை விடாமல், தலைவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.