படகு அவளுக்கு, வண்டி அவனுக்கு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

மீன்பிடிச் சாமான் கடையில் காபிக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஆள் தன் விவாகரத்து முடிந்த விதத்தைச் சிநேகிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "படகு அவளுக்கு, வண்டி எனக்கு. இழுக்க வண்டி இல்லாம படகை வெச்சுக்கிட்டு என்ன செய்வா? வருஷத்துக்கு ரெண்டு தடவை என்னைக் கூப்பிட்டுத்தானே ஆகணும்." இருவரும் சிரித்தார்கள். நான் காபியை வாங்கிக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தேன். ஆறும்வரை குடிக்கவில்லை. முன்பின் தெரியாத அந்த ஆளைத் தோற்கடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கதை எழுதுகிறவளுக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது?

அவர் பெயர் எனக்குத் தெரியாது. டெல்மர் என்று வைத்திருக்கிறேன். அந்த மனைவியை நான் பார்த்ததே இல்லை. அவள் முழுக்க என் சொந்தத் தயாரிப்பு. பெயர் மார்லிஸ், வயது அறுபத்து நான்கு, பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருபத்தாறு வருட வேலை.

2

முதல் தொடக்கம்: "ஏரியின் மேல் பனிமூட்டம் மெல்ல—"

அடித்துவிட்டேன். அமெரிக்காவின் இந்த மின்னசோட்டாவில் பனிமூட்டத்தை எழுதாத ஆளே கிடையாது. பனிமூட்டத்துக்கே அலுத்திருக்கும்.

இரண்டாவது: "தனிமை மார்லிஸுக்குப் பழகிவிட்டிருந்த—"

இதையும் அடித்தேன். அவள் எங்கே தனியாக இருக்கிறாள்? புதன்கிழமை சர்ச் பாட்டுக் குழு, வெள்ளிக்கிழமை சீட்டாட்டம், நடுவில் தங்கையோடு தினமும் ஒரு மணி நேரம் போன். கதைக்குச் சௌகரியம் என்பதற்காக ஒருத்தியைத் தனிமையில் தள்ள நான் யார்?

மூன்றாவது: "மார்லிஸ் ஒரு வண்டி வாங்க வேண்டியிருந்தது."

இது இருக்கட்டும்.

[சென்னையில் பத்திரிகை நடத்தும் நண்பரிடம் இந்த மூன்றாவது தொடக்கத்தைப் போனில் படித்துக் காட்டினேன். "இதுல நீங்க எங்க இருக்கீங்க? ஊர் ஞாபகம், மல்லிப்பூ, தயிர்சாதம், ஏதாவது வேண்டாமா?" என்றார். பதினெட்டு வருடமாக இந்த ஏரிக்கரையில் இருக்கிறேன். அக்டோபர் வந்தால் எனக்குக் கவலை என் படகைப் பற்றித்தான், மல்லிப்பூவைப் பற்றி இல்லை. இந்தக் கதையில் தயிர்சாதம் வராது. வேண்டுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.]

3

மார்லிஸின் படகு பான்டூன் வகை. இரண்டு நீள அலுமினிய உருளைகள், மேலே தட்டையான பலகைத் தளம், சுற்றிலும் கைப்பிடிக் கம்பி, நாலு சோபா, ஒரு துணிக்கூரை. ஒரு வரவேற்பறையைக் கொண்டுபோய் ஏரியில் விட்ட மாதிரி. இருபத்திரண்டு அடி. கோடையில் சாயங்காலமானால் தங்கையும் சீட்டாட்டக்காரிகளும் அதில் ஏறிக்கொள்வார்கள். ஏரியை மெதுவாக இரண்டு சுற்று வருவார்கள், கரையில் தெரிகிற ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே.

நவம்பரில் ஏரி உறைந்துவிடும். அதற்குள் படகை வெளியே எடுக்க வேண்டும், மே மாதம் மறுபடி இறக்க வேண்டும். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று நம் பழமொழி சொல்வது உங்களுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். எந்த வண்டியில் என்று அதைச் சொன்னவர் யோசிக்கவில்லை. மார்லிஸிடம் இருந்தது முன்சக்கரம் இழுக்கும் குடும்ப வேன். படகைக் கட்டிச் சரிவில் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுழலும்.

ஆகவே டெல்மர் வந்தார். இரண்டு வருடத்தில் நாலு தடவை. ஒரு காசு வாங்கவில்லை, சள்ளென்று பேசவில்லை, அதுதான் கஷ்டமே. வேலை முடிந்ததும் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு ஓவனில் வேகவைத்த, ஹாட்டிஷ் என்கிற இந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுவார். கேட்காமல் ஃப்ரிட்ஜைத் திறப்பார். வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தின் காற்று வடிகட்டியை மாற்றவில்லையே என்பார். நாலாவது தடவை, ஜன்னலோரம் அவள் மாற்றிப் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பது சத்தமில்லாமலும் நடக்கும்.

அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு மார்லிஸ் வெகுநேரம் நின்றாள். படகை விற்றால் அவர் வரமாட்டார். விற்காவிட்டால் சாகும்வரை வருவார். இரண்டும் அவளுக்குச் சம்மதமில்லை. படகும் வேண்டும், அவரும் வரக் கூடாது. அதற்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும்.

4

வண்டி விற்பவர் பெயர் கோர்டி. நல்ல மனிதர். மார்லிஸை உட்காரவைத்துக் காபி கொடுத்து, என்ன இழுக்கப் போகிறோம் என்று கேட்டார். பான்டூன் என்றாள்.

"நல்லது. ஒரு நாள் டெல்மரையும் கூட்டிட்டு வாங்களேன். இழுவை சமாச்சாரம்னா அவருக்குக் கொஞ்சம் தெரியும்."

"எனக்கும் அவருக்கும் விவாகரத்தாகி ரெண்டு வருஷம் ஆச்சு, கோர்டி."

"தெரியும். சும்மா ஒரு அபிப்பிராயத்துக்குத்தான்."

[இங்கே வண்டிக் கம்பெனிகளின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நாலு தலைமுறையாக ஒரே கம்பெனி வண்டியை ஓட்டும் குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. எதிர்க்கம்பெனி வண்டி நிற்கும் வீட்டில் சம்பந்தம் பேசக்கூட ஒரு கணம் தயங்குவார்கள். பெயரைச் சொன்னால் கதையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.]

முதல் வரைவில் கோர்டி காட்டிய கார் மாதிரியான உயர வண்டியையே மார்லிஸ் வாங்கிவிட்டாள். ஐயாயிரம் பவுண்டு எடை இழுக்கும் என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது. படகின் எடை இரண்டாயிரத்து இருநூறு. பாதிக்குப் பாதி மிச்சம், இனி என்ன என்று நான் நிம்மதியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

அது என் தப்பு. ஊர் முழுக்கச் செய்யும் தப்பும்கூட. படகு வாங்கிய அன்று தாளில் பார்த்த எடையை, பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல இங்கே ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது வெறும் உடம்பின் எடை. இன்ஜின் அதில் சேராது, பெட்ரோல் சேராது. பேட்டரி, நங்கூரம், உயிர்காப்புச் சட்டைகள், சோபாவுக்கடியில் பத்து வருடமாகச் சேர்ந்த சாமான் எதுவும் சேராது. எல்லாவற்றையும் சுமக்கும் ட்ரெய்லரே தனியாக ஆயிரத்துச் சொச்சம். நான் பாடும் சர்ச் குழுவில் ஒரு சிநேகிதி வரைவைப் படித்துவிட்டு, "உன் கதாநாயகியை நீயே ஏரிக்குள்ள தள்ளப் பாக்கிறியா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. டெல்மரைத் தோற்கடிக்கக் கிளம்பிய நானே அவருக்கு வெற்றியைத் தட்டில் வைத்து நீட்டியிருந்தேன்.

திருத்தி எழுதினேன். போன அக்டோபரில் டெல்மர் படகை இழுத்து வரும்போது, தானியக் கிடங்கின் எடைமேடையில் நிறுத்தச் சொன்னாள் மார்லிஸ். சோளம் நிறுக்கும் மேடை. எதற்கு என்றார். விற்கலாமா என்று பார்க்கிறேன் என்றாள், கூசாமல். விற்கப்போகிறாள் என்றதும் அவருக்கு முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது. வண்டியைக் கழற்றிவிட்டு, படகும் ட்ரெய்லருமாக நிறுத்தார்கள். நாலாயிரத்து முந்நூற்று எண்பது பவுண்டு. அந்தச் சீட்டு அன்றிலிருந்து அவள் கைப்பையில் இருந்தது.

இப்போது அதைக் கோர்டியின் மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அப்புறம் விளம்பரத் தாளைப் பார்த்தார். ஐயாயிரத்துக்குள்தானே இருக்கிறது என்றார். அவள் எழுந்துபோய் வண்டியின் கையேட்டை எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பல் டாக்டரிடம் இருபத்தாறு வருடம் காப்பீட்டுப் படிவங்களின் பொடி எழுத்தைப் படித்தவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. கம்பெனியிலேயே இழுவைச் சாதனங்கள் பொருத்தி வந்திருந்தால்தான் ஐயாயிரம். இல்லாவிட்டால் மூவாயிரத்து ஐந்நூறு. இந்த வண்டியில் பொருத்தியிருக்கிறதா என்று கேட்டாள். குனிந்து பார்த்த கோர்டி நிமிர்ந்தபோது கொஞ்சம் சிவந்திருந்தார்.

அடுத்து மைதானம் மாதிரி ஒரு பெரிய பிக்கப்பைக் காட்டினார். வீட்டையே இழுக்கும். ஏறுவதற்குத்தான் ஏணி வேண்டும், அவள் கொட்டகையில் கதவு மூடாது. கடைசியில் பின்வரிசையில், ஒருவரும் சீண்டாத காவி நிற நடுத்தர பிக்கப் ஒன்று நின்றது. ஏழு வருடப் பழசு, சக்கர வளைவில் துரு. நாலு சக்கரமும் இழுக்கும், ஆறாயிரத்து ஐந்நூறு பவுண்டு, இழுவைச் சாதனங்கள் பிறந்ததிலிருந்தே இருக்கின்றன. டெல்மர் குடும்பம் நாலு தலைமுறையாக வெறுக்கும் கம்பெனி.*

* இதைச் சேர்த்தது நான்தான். கொஞ்சம் சின்னத்தனம். எடுக்க மாட்டேன்.

5

ஒரு சந்தேகம். மார்லிஸ் இத்தனை கெட்டிக்காரியாக இருக்கலாமா?

"அவள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் என்பதால் பின்னோக்கி ஓட்டுவது அவளுக்கு—" என்று ஒரு வரி எழுதி நிறுத்தினேன். அப்படிச் செய்தால் வேலை சுலபம். ஆனால் ஜெயித்தது பேருந்தாகிவிடும். எனவே அவளுக்கு ஒன்றும் தெரியாது. சர்ச் வாகனத் திடலில், செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில், வெறும் ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு பழகினாள். காலி ஐஸ்கிரீம் வாளிகளை வரிசையாக வைத்து நடுவே பின்னால் எடுப்பாள். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலது பக்கம் போகும். ஆகஸ்டில் பதினோரு வாளி நசுங்கியது, செப்டம்பரில் மூன்று. பாதிரியார் ஜன்னலில் நின்று பார்த்தார்.

6

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. ஊர் முழுக்க அன்றைக்குத்தான் படகெடுக்கும். ஏரிக்குள் இறங்கும் சிமெண்டுச் சரிவு ஒன்றே ஒன்று, பாசி பிடித்தது. மார்லிஸுக்குப் பின்னால் ஏழு வண்டி நின்றது. படகைத் துறையில் கட்டியிருந்தாள். ட்ரெய்லரை மூன்றாவது முயற்சியில் நேராகத் தண்ணீருக்குள் இறக்கினாள். படகை அதன்மேல் ஏற்றும்போது பக்கவாட்டுக் காற்று கூரையில் பிடித்துத் தள்ளியது. படகு கோணலாக உட்கார்ந்தது.

டெல்மர் அங்கே இருந்தார். யாரும் கூப்பிடவில்லை, அந்த வழியாக வந்தாராம்.

"நான் ஏத்தித் தரட்டுமா?"

"வேண்டாம், பரவாயில்லை."

இந்த ஊர் வழக்கம் ஒன்று உண்டு. உதவியோ, காபியோ, கடைசித் துண்டு கேக்கோ, நீட்டினால் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பது நல்ல வளர்ப்பு. மூன்றாவது தடவை கேட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது தடவையும் மறுத்தவர் யாரையும் இந்தப் பதினெட்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. வந்த புதிதில் முதல் கேள்விக்கே சரி என்று சொல்லி எல்லோரையும் திகைக்கவைத்தவள் நான்.

மார்லிஸ் படகைத் தண்ணீருக்குள் திரும்பத் தள்ளினாள். முழங்கால் அளவுத் தண்ணீர், பல் கிட்டும் குளிர். படகு மறுபடி கோணலாகத்தான் ஏறியது.

"ஒரு நிமிஷ வேலை, மார்லி."

"வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்."

வரிசையில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அடுத்தது மூன்றாவது என்று ஏழு வண்டிக்கும் தெரியும். எல்லோருக்கும் ஒரு நிம்மதி. இனி அவர் ஏற்றித் தருவார், வரிசை நகரும், எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போவார்கள்.

அவர் தண்ணீரோரம் வந்து கையை நீட்டினார். "சரி சரி, சாவியக் குடு. முடிச்சிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

அந்த "வீட்டுக்கு" அவள் காதில் விழுந்தது. இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றது அப்போது வெளியே வந்தது.

"வேண்டாம், டெல்மர். இன்னைக்கும் வேண்டாம், மே மாசமும் வேண்டாம். இனிமே நீ வர வேண்டாம்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஏழு வண்டிக்கும் கேட்டது. முதல் வண்டிக்காரர் தன் காலணியைக் குனிந்து பார்த்தார். டெல்மர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

7

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

அ. சக்கரங்கள் பாசியில் வழுக்கி, பிறகு பிடித்து, படகு நீர் சொட்டச் சொட்ட மேலே வருகிறது. வரிசை கைதட்டுகிறது. [இந்த ஊரில் யாரும் கைதட்ட மாட்டார்கள். மிஞ்சிப்போனால் ஒருவர், "மோசமில்லை" என்பார்.]

ஆ. படகு ஏறவில்லை. துறையில் திரும்பக் கட்டிவிட்டு வீடு போகிறாள். நாளைக் காலை காற்றில்லாதபோது வருவாள்.

இ. அவள் அழுகிறாள், அவர் ஏற்றித் தருகிறார், இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். இது சென்னை நண்பர் சொன்னது. போனை வைத்துவிட்டேன்.

மூன்றையும் வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். படகின் எடை தெரியும், வண்டியின் பலம் தெரியும், காற்றைக்கூட நானேதான் வீசவைத்தேன். ஆனாலும் எழுத மாட்டேன். படகு ஏறினால்தான் அவள் மறுத்தது சரி என்று நினைக்கிறவர்கள், அந்தக் காபி வரிசையில் சிரித்தவர்களோடு போய் நிற்கலாம். அவள் சொன்னது படகு ஏறுவதற்கு முன்னால். அது சொல்லியாகிவிட்டது. ஏரியே வற்றினாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

ஆகவே கதையை இங்கே, சரிவின் நடுவில், நிறுத்துகிறேன். மார்லிஸ் மூன்றாவது தடவையாகப் படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறாள். காற்று குறையவில்லை. அவள் கால் மரத்துவிட்டது, முகத்தில் அவசரம் இல்லை.

பின்னால் நிற்பது ஏழு வண்டி என்றேன். இப்போது எட்டு. எட்டாவதில் இருப்பது நீங்கள். உங்களுக்கும் படகெடுக்கும் வேலை இருக்கிறது, பசிக்கிறது, பொழுது போகிறது. நீங்கள் இந்தக் கதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹாரனிலிருந்து கையை எடுங்கள்.