மூணு ரெண்டு மூணு

என் அத்தானுக்கு ஊரார் வாயைப் பார்ப்பதுதான் பிழைப்பு. சொந்தப் பெண்டாட்டியின் வாயை மட்டும் ஆறு வருஷமாக அவர் அளந்து பார்த்ததில்லை. அந்த லட்சணத்தில், "என் வீட்ல யாருக்கும் ஈறு நோய் கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றல் வேறு. சந்தேகப்படுகிறவர்களிடம் அக்காவின் அட்டையை எடுத்துக் காட்டுவார். "ஐம்பத்திரண்டு வயசு. பாருங்க, ஒண்ணைத் தவிர எல்லாம் மூணுக்குள்ள!" என்பார்.

அந்த அட்டையை எழுதியவள் நான். அவருடைய பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். அதற்கு முன்னால் அக்காவின் கூடப்பிறந்த தங்கை. ஈறு பரிசோதனை என்றால் ஒரு மெல்லிய அளவுக் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்குவார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். மூன்று வரை கவலையில்லை. நான்கென்றால் உஷார். ஐந்து, ஆறு என்று போனால் உள்ளே எலும்பு கரைகிறதென்று அர்த்தம்.

மற்றவர்களுக்கெல்லாம் அத்தான் ஒழுங்காகத்தான் அளப்பார், பொய் சொல்லக் கூடாது. அக்கா வந்து உட்கார்ந்தால் மட்டும் கண்ணாடியை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை காட்டிவிட்டு, "வழக்கம்போல போட்டுக்கோ" என்பார். எக்ஸ்ரேயும் கிடையாது. நானும் போன வருஷ அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூணு ரெண்டு மூணு, மூணு ரெண்டு மூணு என்று கிறுக்கித் தள்ளுவேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் நன்றாக இருக்காதே என்று கடைவாய்ப் பல்லில் ஒரே ஒரு நான்கு போடுவேன். அந்த நான்கை நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

"எங்கயாவது சரியில்லையாடி?" என்று அக்கா ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"கடைவாய்ல ஒரு நாலு. மத்தபடி ஒண்ணுமில்லக்கா."

போன மாதம் ஆப்பிள் கடிக்கும்போது கீழ் முன்பல் ஆடுகிறது என்றாள். அத்தானிடம் சொன்னாளாம். "அழுத்தித் தேய்ச்சா அப்படித்தான்" என்று செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைக் கேட்காமலே அக்காவை ஈறு வைத்தியத்துக்கென்றே இருக்கிற ஒரு பெண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அக்கா பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று பாடம் நடத்துகிறவள். "முன்பல் போச்சுன்னா பேசினா காத்துதாண்டி வரும். பசங்க சிரிப்பாங்க" என்று வழி நெடுகப் புலம்பினாள்.

அந்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். அக்காவின் ஒவ்வொரு பல்லையும் அளந்தார். கீழ் முன்பற்கள் நான்கிலும் ஏழு, ஏழு, ஆறு, ஏழு. பழைய அட்டைகளைக் கொண்டு வரச் சொன்னார். அட்டை என்றதும் மறுநாள் அத்தானும் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

டாக்டர் ஆறு அட்டைகளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

"ஈறு நோயை ரெண்டு விதமாப் பார்க்கணும். எவ்வளவு எலும்பு போயிருக்குங்கறது ஒண்ணு. உங்களுக்கு நாலுல மூணாம் நிலை, அதுல சந்தேகமே இல்ல. எவ்வளவு வேகமாப் போகுதுங்கறது இன்னொண்ணு. அதுக்கு ஏ, பி, சின்னு தரம், சி தான் ரொம்ப வேகம். அங்கதான் இடிக்குது."

"என்ன இடிக்குது?" என்றாள் அக்கா.

"போன வருஷம் மூணு, இப்போ ஏழு. இந்த அட்டை நிஜம்னா இது சி. இந்த வேகத்துல போனா, கீழ் முன்பல் நாலையும் எடுத்துட்டுத்தான் மத்த பல்லைக் காப்பாத்தணும். பல வருஷமா மெதுவாக் கரைஞ்சிருந்தா பி. ஆழமாச் சுத்தம் பண்ணி, பல்லை வச்சுக்கிட்டே பார்க்கலாம்." அத்தான் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் அளந்து எழுதினதுதானே டாக்டர்?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "பின்ன? வாய்க்கு வந்ததையா எழுதுவோம்?"

அடப்பாவி மனுஷா! இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நான்கு பல் பிழைக்கும். தன் பெயர் கெடாமலிருக்க, முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் பல்லைப் பிடுங்கினாலும் பரவாயில்லை என்று நிற்கிறார். அக்கா நாக்கால் கீழ்ப்பல்லைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அளக்கல" என்றேன்.

அத்தான் என்னை முறைத்தார். "அட்டையில இருக்கறது யார் கையெழுத்து?"

"என்னுதுதான். நீங்க கம்பியைக் கையிலயே எடுக்கல. போன வருஷத்தைப் பார்த்து நான் காப்பி அடிச்சேன். வருஷா வருஷம்."

"குடும்பத்துக்குள்ள பேச வேண்டியதை இங்க வந்து..."

"குடும்பத்துக்குள்ளதானே இவ்வளவும் நடந்துச்சு!" என்று கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. பேனாவை மேஜைமேல் வைத்தார். "ஒவ்வொரு அட்டையிலயும் 'அளக்கவில்லை'ன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் எக்ஸ்ரேயையும் வயசையும் வச்சு நான் முடிவு பண்றேன்."

நான் எழுதினேன், ஆறிலும். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேனாவை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவே இல்லை. கடைசியில் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் புது அட்டையில் மூன்றாம் நிலை, பி தரம் என்று எழுதினார். "இப்போதைக்குப் பல்லை எடுக்க வேண்டாம்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அக்கா என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பழைய அட்டை ஒன்றை இழுத்து, கடைவாய்ப் பல்லின்மேல் விரலை வைத்தாள்.

"எல்லாம் மூணு ரெண்டு மூணு. இந்த நாலு எப்படி வந்துச்சு?"

"நானாப் போட்டேங்கா. நிஜமாத் தெரியட்டும்னு."

"அந்த நாலை நம்பி ஆறு வருஷமாக் கடைவாயையே பார்த்துப் பார்த்துத் தேய்ச்சேண்டி" என்றாள் அக்கா. "முன்பல்லைச் சும்மா கழுவினதோட சரி."

அத்தான் வாயைத் திறக்கப் போனார். அவள் அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"நீங்க ஆரம்பிங்க டாக்டர்" என்றாள். "இவங்க ரெண்டு பேரும் வெளிய போகட்டும்."