பழைய பேங்கில் ஒரு பல் ஆஸ்பத்திரி

பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த பேங்க் கட்டடத்தில் பல் ஆஸ்பத்திரி வைக்கப் போகிறேன் என்று டாக்டர் சொன்னபோது, "பல்லுக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய அரண்மனை?" என்று வாய்விட்டுக் கேட்டவர் அவளுடைய மாமியார் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

அரண்மனை என்றால் அரண்மனையேதான். வாசலில் நான்கு கல்தூண்கள். ஒன்றைக் கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். உள்ளே நுழைந்தால் நீள்வட்டமாக ஒரே கூடம். மேலே பார்த்தால், முட்டையை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்து வைத்ததுபோல் வழவழவென்று கூரை. கூரையும் சுவரும் சேருமிடத்தில் சுற்றிலும் எட்டுச் சுண்ணாம்புச் சிலைகள், எட்டும் பெண்கள். ஒவ்வொருத்தியும் தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரு பண மூட்டையைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தாள். வலது கை ஒன்றையும் பிடிக்காமல் காற்றில் மடங்கி நின்றது. டாக்டர் முதல் நாளே நிமிர்ந்து பார்த்து, எட்டுப் பேருக்கும் தாடை மூட்டில் கோளாறு என்று முடிவு கட்டினாள்.

பெட்டக அறையின் சுவர் மூன்றடி கனம். எக்ஸ்ரே எடுக்க அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. அதன் இரும்புக் கதவு துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டதால் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. கூடத்தின் ஒரு கோடியில், பெரிய ஜன்னலின் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நோயாளி நாற்காலியைப் போட்டாள். மறு கோடியில், பித்தளைக் கம்பி போட்ட பழைய கவுண்டருக்குப் பின்னால், சீட்டு எழுதிக் கொடுக்க மாமியார் உட்கார்ந்தார். அது அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. "வீட்டுல சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கிறதுக்கு இங்க வந்து நாலு முகத்தைப் பார்க்கிறேன்" என்றார். இரண்டு கோடிக்கும் நடுவே அறுபது அடி தூரம். அறுபது அடி இருக்கிறதே என்றுதான் டாக்டரும் சம்மதித்தாள்.

மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் முகம் எப்போதும் புளியங்காயைக் கடித்த மாதிரி இருக்கும். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் டாக்டர் அந்த முகத்துக்குப் பயந்து எதையும் நேரில் சொன்னதில்லை. எல்லாவற்றையும் நோயாளிகளிடம் சொன்னாள். வாய்க்குள் பஞ்சும் கண்ணாடியும் வைத்திருக்கும் மனிதர்கள் குறுக்கே பேசமாட்டார்கள், அறிவுரையும் சொல்லமாட்டார்கள்.

"எங்க அத்தை இருக்காங்களே," என்று ஒருநாள் ஒரு தபால்காரரின் பல்லைச் சுரண்டிக்கொண்டே முணுமுணுத்தாள். "வர்றவங்க எல்லார்கிட்டயும், 'பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்குங்க'ன்னு சொல்லி அனுப்புறாங்க. இங்க வந்து வாயைத் திறங்கன்னா ஒருத்தரும் திறக்க மாட்டேங்கிறாங்க."

மறுநாள் காலை கவுண்டரில் மாமியார் ஒரு பாட்டியம்மாவிடம், "வலிக்கவே வலிக்காது, தூங்கிட்டு வரலாம் போங்க" என்று சொல்வது டாக்டரின் காதில் தெளிவாக விழுந்தது. டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். அத்தை பேசுவது இவ்வளவு தூரத்துக்குக் காதோடு வந்து பேசுவதுபோல் கேட்டதைப் பற்றி மட்டும் அவள் ஆச்சரியப்படவில்லை. அவருக்குத் தொண்டை அப்படி என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு தையல்காரரின் சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டே, சமையலறையில் உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் இடம் மாறிக்கொண்டே இருப்பதைச் சொல்லிப் புலம்பினாள். மறுநாள் இரண்டு டப்பாவிலும் கொட்டை எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. அதற்கடுத்த வாரம், அத்தை தன் மகனுக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பதைச் சொன்னாள். போன் ஒன்றாகக் குறைந்தது.

"உங்க அம்மாவுக்கு மனசைப் படிக்கத் தெரியுமாங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.

"எனக்கு அவங்க மனசே தெரியாது" என்றான் அவன்.

பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் வீட்டில் டாக்டர் ஆசையாகச் செய்து வைத்த முறுகலான தோசையை மாமியார் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்த்தி வைத்திருந்தார். அந்தக் கோபம் அடங்காமல், வாயைப் பிளந்து கிடந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "அத்தைக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது. நான் என்ன செஞ்சாலும் அந்த மூஞ்சிதான். வேற யாராவது மருமகளா வந்திருக்கணும்னு நினைக்கிறாங்க. நினைச்சுட்டுப் போகட்டும்."

அன்று முதல் நான்கு நாட்கள் மாமியார் வாயே திறக்கவில்லை. சீட்டைக்கூடப் பேசாமல் நீட்டினார். டாக்டருக்குக் காரணம் விளங்கவில்லை.

ஐந்தாம் நாள் பல்செட் ஆடுகிறது என்று ஒரு அம்மா வந்தார். அந்த பேங்கில் முப்பத்தொரு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர். நாற்காலியில் சாய்ந்ததுமே கூரையைப் பார்த்தார், கண்கலங்குகிறார் என்று டாக்டர் நினைத்தாள். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரியா இந்த இடத்துலயா நாற்காலியைப் போட்டீங்க? இங்கதான் எங்க குமாஸ்தா ஒருத்தர் மேஜை இருந்தது. நாள் முழுக்க மேனேஜரைத் திட்டிக்கிட்டே இருப்பார். மேனேஜர் அந்தக் கோடியில, இப்ப சீட்டு எழுதுற அம்மா இருக்காங்களே, அங்க உட்கார்ந்திருப்பார். திட்டுறது எல்லாம் அவர் காதுல போய் விழும்."

"அவ்வளவு சத்தமாவா திட்டுவார்?"

"சத்தம் எதுக்கு? கிசுகிசுத்தாலே போதும். இது பேங்க்குக்காகக் கட்டினது இல்லம்மா. பாட்டுக் கச்சேரி மண்டபம். பாதி கட்டும்போதே கட்டினவர் கைமாத்திட்டார், பேங்க்காரங்க வாங்கினாங்க. மேல இருக்கிற பொம்மைங்க கையில பிடில் இருந்தது. அதை உடைச்சு எடுத்துட்டு மூட்டையை ஒட்டினாங்க. வில்லைப் பிடிச்ச கையை என்ன செய்யறதுன்னு தெரியாம அப்படியே விட்டுட்டாங்க. ஆனா கூரையை மாத்த முடியுமா? இந்தக் கோடியில பேசினா அந்தக் கோடியில கேட்கும். நடுவுல உட்கார்ந்தவனுக்கு ஒண்ணும் கேட்காது. விஷயம் தெரிஞ்ச பிறகு எங்க குமாஸ்தா இங்க உட்கார்ந்து மேனேஜரைப் புகழ ஆரம்பிச்சார். ரெண்டு தடவை பிரமோஷன் வாங்கினார்!"

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தபால்காரர், தையல்காரர், வாத்தியார் என்று ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். காது மடல் சுட்டது. அறுபது அடிக்கு அப்பால் பித்தளைக் கம்பிகளுக்குப் பின்னால் மாமியார் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை பாதிக் கூடம் வரை நடந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் இரண்டு முறையும் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சை நேராகப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அடுத்து வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். அவர் வாயில் பஞ்சைத் திணித்துவிட்டு, குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எங்க அத்தை மாதிரி யாரும் வராது, தெரியுமா? இத்தனை பேருக்கு ஒரு தப்பில்லாம சீட்டு எழுதுறாங்க. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். அவங்க மனசு எவ்வளவு பெரிசுன்னா, அது கடல் மாதிரி..."

"ரொம்பப் பூசாதே. உதிர்ந்துடும்."

குரல் காதுக்குள்ளேயே கேட்டது. கண்டக்டர் நாற்காலியில் ஒரு முழம் எழும்பி விழுந்தார். அவர் தலையும் அதே இடத்தில்தான் இருந்தது. கண்ணை உருட்டி மேலே இருந்த சிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அத்தை?" என்றாள் டாக்டர், காற்றைப் பார்த்து.

"அத்தைதான். முதல் நாளே கேட்டுது. ஏதோ பொண்ணு பேசி ஆத்திக்கிறா, பேசட்டும்னு விட்டேன். சரி செய்ய முடிஞ்சதைச் சரி செஞ்சேன். மூஞ்சியை எப்படிம்மா சரி செய்யறது?"

"தப்புதான் அத்தை. மன்னிச்சுக்குங்க."

பிறகு குரல் இன்னும் தணிந்து வந்தது. "எனக்குக் கடைவாய்ப் பல் ஒண்ணு. ஒன்றரை வருஷமா வலி. மென்னா உயிர் போகுது. அந்த தோசையைப் பார்த்ததும் ஆசையாத்தான் இருந்தது."

"ஒன்றரை வருஷமாவா? நான் பல் டாக்டர், அத்தை! ஒரே வீட்டுல இருக்கேன்!"

"அதான் பயம். ஊசியைப் பார்த்தா எனக்கு மயக்கம் வரும். டாக்டர் மருமக முன்னாடி மயங்கி விழுந்தா என்ன மரியாதை இருக்கும்?"

டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். கல்யாணமாகியே ஒரு வருஷம்தான் ஆகிறது. அந்த முகம் அவள் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மூக்கைத் துடைக்க முகமூடி இடைஞ்சலாக இருந்தது.

கண்டக்டர் தானே வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். "டாக்டரம்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. முதல்ல அவங்களை ஏத்துங்க" என்று சொல்லி நாற்காலியை விட்டு இறங்கினார். எந்தச் சிலையும் தன்னிடம் பேசவில்லை என்று தெரிந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மாமியார் வரமாட்டேன் என்றார். நாளைக்கு என்றார். கவுண்டரை யார் பார்ப்பது என்றார். கண்டக்டர் கவுண்டருக்குள் போய் உட்கார்ந்து, "எல்லாரும் வரிசையா வாங்க, உள்ள தள்ளிப் போங்க" என்று சீட்டுக் கிழிக்க ஆரம்பித்துவிட்டதால் அந்தச் சாக்கும் போயிற்று. ஊசியைப் பார்த்ததும் மாமியார் சொன்னபடியே மயங்கினார். டாக்டர் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பல் இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது.

ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மாமியார் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கணவனே, "அம்மாவுக்கு என்னாச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

திங்கட்கிழமை டாக்டர் வந்து பார்த்தால், மாமியார் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கமாக நான்கடி தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை இது?"

"உன் பேச்சு உன்னோட இருக்கட்டும். நான் எதுக்கு ஒட்டுக் கேட்கணும்?"

டாக்டர் நாற்காலியைப் பிடித்து இழுத்துப் பழைய இடத்திலேயே போட்டாள். "இங்கயே இருங்க. எல்லாத்தையும் நேர்ல சொல்ற அளவுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரலை."

மாமியார் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்தார். "சரி. ஆனா மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் என்னைத் திட்டாதே. அப்ப நான் கண்ணசருவேன்."