பெயிண்டர் வீட்டுச் சுவர்

டிரைவரம்மாவுக்கு வந்தது கொஞ்சம் வில்லங்கமான வியாதி. வேலைக்குப் போனால் ஓடிவிடும், வீட்டுக்கு வந்தால் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்களுக்கெல்லாம் இது நேர்மாறாக நடப்பதுதான் வழக்கம் என்பதால் அவள் சொன்னதை யாரும் லேசில் நம்பவில்லை.

அவள் ஓட்டுவது டவுன் பஸ். காலையில் டிப்போவுக்குள் நுழையும்போது நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது போலிருக்கும். கண் எரியும், தலைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி ஒரு மந்தம். கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தால், பாலம் தாண்டுவதற்குள் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வழிவிடும். மத்தியானம் பார்த்தால் ஆளே வேறு. டிப்போவே அதிர்கிற மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுக்கையறையில் சற்று நேரம் சாய்ந்தால் போதும், இருமல் தொடங்கிவிடும். விடிகிற நேரத்தில் விசிலடிக்கும் நெஞ்சோடு எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, உங்களுக்கு வீட்டைக் கண்டா ஆகலையா, வீட்டுக்காரரைக் கண்டா ஆகலையா?" என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டான். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

வீட்டுக்காரர் பெயிண்டர். சும்மா பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர் இல்லை. சுவரில் பட்டி வைத்துத் தேய்த்து வழவழப்பாக்குவதில் அவரை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. சொந்த வீட்டுப் படுக்கையறைச் சுவரை அவர் இழைத்து வைத்திருந்த அழகைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அந்தச் சுவரில் எப்போதாவது உள்ளங்கை அளவுக்கு ஒரு நிழல் தட்டும். அன்றைக்கே சுரண்டி, பட்டி வைத்து, ப்ரைமர் அடித்து, மேலே ஒரு கோட் பூசிவிடுவார். பிறகு அங்கே கறை இருந்ததாகச் சத்தியம் செய்தாலும் ஒருவரும் ஏற்க மாட்டார்கள்.

டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். ஊதச் சொல்லிப் பார்த்தார், முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுல எங்கயாவது ஓதம் இருக்கா? சுவர்ல பூசணம் பூத்திருக்கா?"

"எங்க வீட்டுலயா சார்?" என்றார் கூட வந்திருந்த பெயிண்டர். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், டாக்டர் அவர் பெற்றோரைத் திட்டிவிட்டார் என்றுதான் தோன்றும்.

"எங்க வீட்டுச் சுவர வந்து பாருங்க டாக்டர், முகமே தெரியும்!" என்று அவளும் பெருமையாக ஒத்து ஊதினாள்.

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு பேரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இத்தனை பாடு பட்டிருக்க வேண்டாம். பெயிண்டர் வீட்டில் இருந்துகொண்டு சுவரைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

மருந்தில் கொஞ்சம் அடங்கும், திரும்ப வரும். மனைவி இளைத்துப் போவதைப் பார்த்து மனிதர் தவித்துப் போனார். அறை பளிச்சென்று இருந்தால் அவளுக்கும் தெம்பாக இருக்குமே என்று, தண்ணீரை விடவே விடாது என்று விற்கிற பெயிண்டாகப் பார்த்து வாங்கி வந்து, அந்தச் சுவர் முழுக்க ஆசை ஆசையாகப் பூசினார். அதற்குப் பிறகு அவளுக்கு இன்னும் மோசமானது.

இதற்குள் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். நாத்தனார், அதாவது பெயிண்டரின் அக்கா, அடுத்த தெருவில் இருந்தாள். அவள் வந்து உட்கார்ந்து தீர்ப்பையே சொல்லிவிட்டாள்: "வெளிய போனா சரியாயிடுது, உள்ள வந்தா வந்துடுது. இது உடம்புல இல்லம்மா, மனசுல இருக்கு. குடும்பம் நடத்தப் புடிக்கல, அவ்வளவுதான்." டிரைவரம்மாவின் சொந்த அக்காவோ, "அந்த ஆள்தான்டி உன் வியாதி" என்றாள். இந்த இரண்டு பெண்களும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது இந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

கேட்டுக் கேட்டுப் பெயிண்டரே நம்பத் தொடங்கிவிட்டார். வேலைத்துணியை வாசலிலேயே கழற்றிப் போட்டார். தோல் உரிகிற மாதிரி தேய்த்துக் குளித்தார். பாயைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் படுத்தார். அவள் தனியாக அந்த அழகான சுவரைப் பார்த்தபடி இருமிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மூச்சு முட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மூச்சு முட்டுவதற்குச் சாட்சி கேட்கிறார்களே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கடைசியில் சொந்த அக்கா வந்து அவளைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே போன சில நாட்களில் விசில் நின்றது, தலைக்குள் இருந்த பஞ்சு கரைந்தது. ஒரு லீவு நாளில் பெயிண்டர் பார்க்க வந்தார். கையில் பெரிய பை. அக்கா வீட்டுத் தலையணையில் கழுத்து வலிக்கிறது என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். அதற்காக அவளுடைய தலையணையையும் கனத்த போர்வையையும் மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்தார். அவளுக்கு மனசு இளகிவிட்டது. அதைத் தலைக்கு வைத்து அப்படியே கண்ணயர்ந்தாள். பக்கத்து நாற்காலியில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எழுந்தபோது நெஞ்சு விசிலடித்தது. இன்ஹேலரைத் தேடிக் கை துழாவியது.

வாசற்படியில் நின்ற அக்கா, "பாத்தியா? ஆள் வந்து ஒரு மணி நேரம் ஆகல" என்றாள்.

அவர் காதில் விழும்படியாகத்தான் சொன்னாள். பெயிண்டர் பேப்பரை மடித்து வைத்தார். இருவரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அவளுக்கு ஓடிப்போய் நிறுத்த மூச்சில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு ஸ்டாப்பில் அவர் அவள் பஸ்ஸில் ஏறினார். நேராக வந்து அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்தார். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று மேலே எழுதியிருந்ததை அப்படியே கடைப்பிடித்தார். கடைசி ஸ்டாப்பில் வண்டி காலியான பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வெளியூர்ல பெரிய பில்டிங் வேலை ஒண்ணு வந்திருக்கு. ஒரு வருஷம் ஆகும். நான் போயிடறேன், நீ வீட்டுக்கு வந்துடு. நான் இல்லன்னா உனக்கு மூச்சு நல்லா இருக்கும்."

"பைத்தியமா உங்களுக்கு?" என்று அவள் திரும்பினாள். இன்னும் நாலு வார்த்தை காட்டமாகக் கேட்க வாய் வந்தது. ஆனால் கேட்கவில்லை. தான் எவ்வளவு சத்தமாகக் கத்தினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருமலே வரவில்லை.

"ஏங்க, இவ்வளவு நேரம் எங்க உக்காந்திருந்தீங்க?"

"உன் பின்னாலதான்."

"நான் இருமுனேனா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"அப்ப நீங்க இல்ல. அன்னிக்கு அக்கா வீட்டுக்கு உங்களோட வேற என்ன வந்துச்சு?"

"உன் தலகாணி. போர்வை."

"அது எங்க இருந்துச்சு?"

"பீரோவுல."

"பீரோ எங்க இருக்கு?"

"அந்தச் சுவரோரமாதான்..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டாள். "அந்தத் தலகாணிய மோந்து பாரு" என்றாள். மறுமுனையில் முணுமுணுப்பு, நடக்கிற சத்தம், பிறகு ஒரு "சீ!" ஊறப்போட்டு மறந்த துணி மாதிரி நாறுகிறதாம்.

"கொண்டு வரப்போ உங்களுக்கு வாசனை தெரியலையாங்க?"

"எனக்கெங்க மூக்கு வேல செய்யுது? பெயிண்டு, தின்னர் வாசனைல அது செத்து வருஷக்கணக்காச்சே" என்றார் அவர், மழை வருகிறது என்று சொல்வதுபோல. அவளுக்கோ அந்த வீட்டுக்குள் போனதுமே மூக்கு அடைத்துவிடும், அக்கா வீட்டுக்கு வந்தும் அது மட்டும் இன்னும் திறக்கவில்லை. ஆக, அத்தனை நாளாக அந்த வீட்டில் உருப்படியான ஒரு மூக்குகூட இல்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனாள். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு அறைவாசலோடு நின்றாள். வேடிக்கை பார்க்க வந்த நாத்தனாரும் பெயிண்டரும் சேர்ந்து பீரோவை நகர்த்தினார்கள். பீரோவின் முதுகுப் பலகையில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் முடிபோல முளைத்திருந்தது. நாத்தனார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். 

சுவர் மட்டும் மின்னிக்கொண்டு நின்றது.

"பீரோதான் கெட்டுப்போச்சு. தூக்கிப் போட்டுடலாம். சுவரு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பெயிண்டர் விரலை மடக்கித் தட்டினார். பொத்தென்று சத்தம் வந்தது. இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் அதே சத்தம். உள்ளே ஈரம் ஏறிக் காரை விட்டுப்போயிருந்தால்தான் அந்தச் சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியாதா? வேறு எந்த வீடாக இருந்தாலும் அடுத்த நொடியே சொல்லியிருப்பார்.

"உடைங்க" என்றாள் அவள்.

"இப்ப உடைச்சா திரும்ப இந்த மாதிரி வராது. நீ கொஞ்ச நாள் முன்னறைல படு, நான் மேலயே..."

"மேலயே இன்னொரு கோட்டா?" அவள் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டாள். "நான் அக்கா வீட்டுக்குப் போயாச்சு. நீங்க ஊர விட்டே போறேங்கறீங்க. ஆள் ரெண்டு பேரும் வெளிய போகலாம், சுவரு மட்டும் அப்படியே நிக்கணுமா? நான் போக மாட்டேன். நீங்களும் போகக் கூடாது. இதுதான் போகணும். நீங்க உடைக்கலன்னா நான் ஆளக் கூட்டிட்டு வந்து உடைப்பேன்."

பெயிண்டர் சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "மொதல்ல மாஸ்க்க மேல ஏத்து. வெளிய போய் நில்லு" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுக்கப் போனார்.

அவள் தெருவில் நின்றாள். உள்ளே இருந்து அடி விழுகிற சத்தம் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் வெறிபிடித்த மாதிரி. சத்தம் நின்றதும் அவர் ஒரு துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். பக்கவாட்டில் பார்த்தால் அவர் பூசிய பூச்சுகள் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரிந்தன: நீலம், சந்தனம், வெளிர்பச்சை, கடைசியாக ஆசையாகப் பூசிய வெள்ளை. திருப்பிக் காட்டினார். பின்பக்கம் அட்டக்கறுப்பாக இருந்தது, ஈரம் சொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. உள்ளே ஓடிய குழாய் எத்தனை காலமாகக் கசிந்ததோ!

அவர் படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சொன்னாள்: "அழுறதுன்னா இங்கயே அழுது முடிங்க. உள்ள போனா மாஸ்க்கக் கழட்டக் கூடாது."

குழாயை மாற்றினார்கள். மெத்தை, பீரோ, துணிமணி பாதி போயிற்று. செங்கல் தெரிகிறவரை காரையைக் கொத்தியெடுத்து, சுத்தம் செய்து, காயவிட்டார்கள். அதுவரை அவள் அக்கா வீட்டில் இருந்தாள். பெயிண்டர் தினமும் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். அக்கா இரண்டாவது வாரத்திலிருந்து அவருக்கும் டீ போட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். நுரையீரல் ஆற நாளாகும் என்றார் டாக்டர். எவ்வளவு ஆறும் என்று அவரும் உறுதியாகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் இன்னும் இழுக்கிறது. பின் சீட்டில் யாராவது சென்ட்டைக் கொட்டிக்கொண்டு வந்தால் இழுக்கிறது. சட்டைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் அவள் வண்டியை எடுப்பதில்லை. ஆனால் எடுக்கிறாள், தினமும் எடுக்கிறாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் பெயிண்டரைத் தேடி வந்தார். வீடு முழுக்க வெள்ளையடிக்க வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் திறந்திருந்த அறைக்குள் போயிற்று. பூசாத செங்கல் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பெயிண்டரே, ஊருக்கெல்லாம் பளபளன்னு அடிச்சுக் குடுக்கறீங்க, உங்க வீட்டுச் சுவரு இப்படி நிக்குதே?"

சமையலறையில் இருந்த டிரைவரம்மாவின் கை நின்றது. வேலை நடக்கிறது என்று சொல்லி மழுப்புவார் என்றுதான் நினைத்தாள். தொழில்காரர், பாவம், வேறு என்ன சொல்ல முடியும்?

"உள்ள பூசணம் புடிச்சிருந்துச்சு சார்" என்றார் பெயிண்டர். "அது தெரியாம நான்தான் மேல மேல பூசி மூடி வெச்சிருந்தேன். எங்க வீட்டம்மாவுக்கு மூச்சே போச்சு. உடைன்னு அவங்கதான் நின்னாங்க."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் அப்படியே நின்றாள். கண்டக்டர் கேட்டதும், நாத்தனார் சொன்னதும், எல்லாமே அந்த ஒரு நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போயின.

கண்ணாடிக்காரர் கொஞ்சம் நெளிந்தார். "எங்க வீட்டுல அதெல்லாம் இல்லப்பா. ஒரே ஒரு ரூம்ல மட்டும் லேசா கறை. பட்டி பாத்து ஒரு கோட் குடுத்தா மறைஞ்சுடும்."

"அந்த ரூம்ல யாரு படுக்கறாங்க?"

"என் வீட்டுக்காரிதான் படுத்துக்குவா. அவளுக்கு எப்பவும் ஒரு இருமல். பல வருஷமா இருக்கு, அது அவ பழக்கம்."

பெயிண்டர் எழுந்தார். "வாங்க சார், மொதல்ல சுவரத் தட்டிப் பாத்துடலாம்" என்றார்.

டிரைவரம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்தாள்.

"நானும் வரேன்" என்றாள். "சுவர நீங்க தட்டுங்க. அந்தம்மா என்ன சொல்றாங்கன்னு நான் கேக்கறேன்."