ரசத்து மஞ்சள்

கம்பவுண்டர் பிலவேந்திரன் மஞ்சள் வாங்கியதில் தப்பே இல்லை. கடைக்காரர் கேட்ட கேள்விக்கு வெட்கப்பட்டுப் பொய் சொன்னான் பாருங்கள், அதுதான் தப்பு.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெரம்பலூர்க் கடைத்தெருவில் முகத்துக்குப் போடும் ஸ்னோ கண்ணிலேயே படவில்லை. இவனுக்கோ ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சிக்குப் பெண் பார்க்கப் போயாக வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, பிலவேந்திரன் நல்ல கறுப்பு. கறுப்பில் என்ன குறை என்று அவனுக்கே தெரியாது. ஆனாலும் சவரக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவான். கஸ்தூரி மஞ்சள் பூசினால் முகம் பளபளக்கும், கறையும் ஒட்டாது என்று அக்கா சொல்லி எப்போதோ கேட்டிருந்தான். அதை நம்பித்தான் மளிகைக் கடைக்குப் போனான்.

"மஞ்சள் குடுங்க."

"எந்த மஞ்சள் சார்? மூஞ்சிக்குப் பூசுறதா, கொழம்புக்குப் போடுறதா?"

கடையில் நல்ல கூட்டம். டிஸ்பென்சரிக்கு வருகிற பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். ஆண்பிள்ளை, அதுவும் ஊசி போடுகிற ஆண்பிள்ளை, மூஞ்சிக்கு என்று எப்படிச் சொல்வது?

"ரசத்துக்கு" என்றான்.

ரசத்து மஞ்சளே வந்தது. அதை மருந்து அரைக்கும் கல்வத்தில் இடித்து, பாலில் குழைத்து, சனிக்கிழமை சாயங்காலம் கழுத்து வரைக்கும் அப்பிக்கொண்டு சாய்வு நாற்காலியில் சாய்ந்தான். காய்ந்ததும் கழுவ வேண்டும் என்பது திட்டம். தூக்கம் வந்துவிட்டது.

விடிந்து கண்ணாடியைப் பார்த்தான். கழுத்து வரைக்கும் ஒரே மஞ்சள். டாக்டர் கை கழுவும் சோப்பை எடுத்துத் தேய்த்தான். மஞ்சள் முகம் குங்குமச் சிவப்பாக மாறியது. பதறிப்போய் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினான். சிவப்புப் போய், பழைய மஞ்சள் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் மாதா கோவில் பூசையில் சாமியாரே பிரசங்கத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை அவனை உற்றுப் பார்த்தார்.

நாளைத் தள்ளிப்போடவும் வழியில்லை. கோவிலில் மூன்று ஞாயிறு இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்தால்தான் தாலி கட்ட முடியும். இன்றைக்குப் பேசி முடிக்காவிட்டால் அதற்குள் சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அப்புறம் ஒன்றரை மாதம் தள்ளி, உயிர்த்த ஞாயிறு கழித்துத்தான். அதுவரைக்கும் பெண் வீட்டார் காத்திருப்பார்களா? வரதராஜன்பேட்டை அரிசி மில்காரர் வீட்டிலும் அதே பெண்ணைக் கேட்டிருக்கிறார்களாம்.

அந்தப் பெண் மரிய புஷ்பத்தை அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான். போன வருஷம் ஏலாக்குறிச்சி மாதா திருவிழாவில் டாக்டர் ஒரு மருந்துக் கொட்டகை போட்டிருந்தார். காலில் முள் ஏறி நொண்டிக்கொண்டு வந்தாள். "எரியாது" என்று சொல்லி டிங்சர் போட்டான். எரிந்தது. "எரியாதுன்னீங்களே, பொய்க்காரர்!" என்று கத்தினாள். இவன் பயந்துபோய், வரிசையில் நின்ற கூட்டத்தையும் மறந்து, அந்தக் காலை ஊதிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து வேறு பெண்ணின் பேச்சை யார் எடுத்தாலும் அவன் காதில் ஏறவில்லை.

பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ் பிடித்து அரியலூரில் இறங்கினான். அக்கா புருஷன் சின்னப்பராஜ் வண்டி கட்டிக்கொண்டு காத்திருந்தார். அக்கா பிள்ளை பெற்று வீட்டோடு இருந்ததால் துணைக்கு அவர்தான். மைத்துனனைப் பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

"என்ன மாப்ள இது, கோயில் தேருக்கு வர்ணம் அடிச்சாப்ல?"

பிலவேந்திரன் நடந்ததைச் சொன்னான். சின்னப்பராஜ் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

"இத வெளியில சொல்லிடாத. ஆம்பள மஞ்சப் பூசுனான்னு தெரிஞ்சா நம்மள ஊருக்குள்ள நடக்க வுட மாட்டாங்க. கேட்டா காமாலைன்னு சொல்லிடு."

"காமாலைக்காரனுக்கு யாரு மச்சான் பொண்ணு குடுப்பா?"

"மஞ்சப் பூசுனவனுக்கு மட்டும் குடுத்துடுவாங்களா?"

இதற்கு மேல் என்ன பேசுவது? வழியெல்லாம் பிலவேந்திரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். துண்டுதான் மஞ்சளானது.

அங்கே பெண்ணின் அப்பா மரியசூசை வீட்டில் தடபுடலாக இருந்தது. பெண்ணின் அம்மா மதலேனம்மாள் ஒரு மாதமாக மகளை விடவில்லை. எண்ணெய் தேய்ப்பதும் பயத்தமாவு பூசுவதும், கன்னம் வலிக்கக் கஸ்தூரி மஞ்சள் தேய்ப்பதுமாகப் பாடாய்ப் படுத்தியிருந்தாள். புஷ்பமும் கறுப்புத்தான். வந்து பார்த்த இரண்டு இடமும் பலகாரத்தை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, 'நெறம் கொஞ்சம் மட்டு' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த இரண்டு தடவையும் புஷ்பம் கொல்லையில் போய் அழுதது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை உள்ளே வந்து உட்கார்ந்தான். மரியசூசை அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுகிற மனிதர்.

"தம்பி, காமாலைங்களா?"

பிலவேந்திரன் சின்னப்பராஜைப் பார்த்தான். சின்னப்பராஜ் கூரையைப் பார்த்தார்.

"ஆ... ஆமாங்க."

அவ்வளவுதான். "அய்யய்யோ, எண்ணெய்ப் பலகாரம் ஆவாதே!" என்று மதலேனம்மாள் அவன் முன்னால் வைத்த அதிரசத் தட்டை வெடுக்கென்று எடுத்து சின்னப்பராஜ் பக்கம் நகர்த்தினாள். காபி திரும்பி அடுக்களைக்கே போனது. வேலியோரம் கிடந்த கீழாநெல்லியைப் பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி, பெரிய லோட்டா நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். ஊருக்கெல்லாம் மருந்து கலக்குகிற கம்பவுண்டர், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். சின்னப்பராஜ் நாலாவது அதிரசத்தை எடுத்தார். அடிக்கலாம் போலிருந்தது அவரை.

"ஒடம்ப நல்லாப் பாத்துக்குங்க தம்பி" என்றார் மரியசூசை. குரலில் வருத்தம் நிஜமாகவே இருந்தது. "மில்காரவுங்க வர வாரம் வரேன்னுருக்காங்க. எம் பொண்ணுக்கு எது அமையுதோ பாப்பம்."

மதலேனம்மாள் இரண்டாவது லோட்டாவை நீட்டினாள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிலவேந்திரன் அந்தக் கதவைப் பார்த்தான். இதைக் குடித்துவிட்டு எழுந்து போனால் அந்த வளையல்காரி மில்காரனுக்குத்தான். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். லோட்டாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"காமாலை இல்லிங்க. மஞ்சள்."

"அதான் தம்பி, மஞ்சக் காமாலை."

"இல்லிங்க. ரசத்துக்குப் போடுற மஞ்சள். நாந்தான் பூசிக்கிட்டேன்."

சின்னப்பராஜ் வாயிலிருந்த அதிரசத்தை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"எதுக்குத் தம்பி?" என்றார் மரியசூசை.

"நான் கறுப்புங்க. ஒங்க பொண்ணுக்கு என்னயப் புடிக்காமப் போயிடுமோன்னு பயந்துட்டேன்."

கதவுக்குப் பின்னால் 'களுக்'கென்று ஒரு சிரிப்பு. அதை அடக்கப் போய் இன்னும் பெரிதாக வெடித்தது. சின்னப்பராஜும் சேர்ந்துகொண்டார். மரியசூசை மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது வரைக்கும் வந்தவனெல்லாம் எம் பொண்ணு நெறத்தப் பாத்துதான் மொகத்தச் சுளிச்சான். எம் பொண்ணுக்குப் புடிக்கணுமேன்னு பயந்து வந்தவன் நீ ஒருத்தன்தாண்டா."

'டா' போட்டுவிட்டார். அதிரசத் தட்டு திரும்பி வந்தது. அதில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அப்போது கதவு திறந்தது. பெண் காபியோடு வருவாள் என்று எல்லோரும் பார்த்தால், புஷ்பம் ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெயோடு வந்தாள். மதலேனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். புஷ்பம் அதைக் கண்டுகொள்ளாமல் நேரே வந்து கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"தேச்சுக் கழுவுங்க, மஞ்சள் போயிடும்" என்றாள். "பயப்படாதீங்க, எரியாது. நான் சொன்னா எரியாதுதான்."