யாருக்காகக் கறுப்பு

…இல்லை, இவ்வளவு அகலம் வேண்டாம், ஆனால் அகலத்தைக் குறைத்தால் துக்கமும் குறைந்துவிட்டதென்று அர்த்தம் வந்துவிடுமோ, வந்தால் வரட்டுமே, என்று ராசமணி கறுப்பு ரிப்பனைத் தொப்பியைச் சுற்றி வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி. சதாசிவத்தின் தொப்பி. நேற்றுக் காலை ஒக்லண்டின் ஒனிஹங்கா பஸ் தரிப்பில் கடல் பக்கமிருந்து அடித்த காற்று அதை அவர் தலையிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் வீதியில் போட, விரி என்கிற இடத்தில் இருக்கும் அவருடைய வேலைத்தலத்துக்குப் போகிற பஸ்ஸே அதன்மேல் ஏறி நின்றது. பாவம் மனிதர், அப்பளமாகிப்போனதைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தார்… துக்கத்தில் இருக்கிற ஒருவர் அப்படிச் சிரிப்பாரா? தாருங்கோ, நான் தொப்பிக் கடையிலதானே வேலை செய்யிறன், என்று பறிக்காத குறையாக வாங்கி வந்துவிட்டாள். இன்று ஆவி பிடித்து, மர அச்சில் இழுத்து மாட்டி, விளிம்பையும் நிமிர்த்தியாயிற்று. பஸ் சில்லு கிழித்த பட்டியை மட்டும் புதிதாகத் தைக்க வேண்டும். வேலை முடிந்து அவர் வருவதற்குள் தைத்துவிட வேண்டும். கறுப்புத்தான், அதில் சந்தேகமில்லை, எவ்வளவு கறுப்பு என்பதுதான் கேள்வி.

அவரை முதன்முதல் கண்ட நாளில் பார்த்ததே அந்தப் பட்டியைத்தான், முகத்தைப் பிறகுதான் பார்த்தாள். இந்தக் கடைக்கு வேலைக்கு வராமல் இருந்திருந்தால் அதைக் கவனித்தே இருக்கமாட்டாள். கடைக்காரி மொரீன் வாயில் குண்டூசியைக் கடித்தபடி கதை சொல்லுவாள், அந்தக் காலத்து இங்கிலாந்தில் துக்கத்தைத் தொப்பியில் அளந்தார்களாம், மனைவி செத்தால் தொப்பியின் உச்சியை எட்டுகிற மாதிரி அகலமான கறுப்புக் கிரேப் துணி, ஒன்றுவிட்ட உறவென்றால் விரல் அகலம், தூரத்துச் சொந்தமென்றால் அதிலும் ஒல்லி. துக்கத்துக்கு முந்திச் சந்தோஷத்துக்கும் பட்டி கட்டினார்களாம், சண்டைக்குப் போகிறவன் காதலியின் கைக்குட்டையைத் தலைக்கவசத்தில் சுற்றிக்கொண்டு போவானாம், பெண்களின் தொப்பியில் முடிச்சைப் பார்த்தே இவள் கட்டியவள், இவள் கட்டாதவள், இவளுடைய மனம் ஏற்கெனவே ஓரிடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாமாம். உண்மையோ பொய்யோ, மொரீன் சொன்னால் கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். இந்த ஊர்ப் பட்டாளக்காரரின் தொப்பியைச் சுற்றியிருக்கிற துணிக்குக்கூடப் ‘பகரி’ என்று இந்தியாவிலிருந்து வந்த பேராம், தலைப்பாகையின் ஏதோ தூரத்துச் சொந்தம். அடுத்த மாதம் குதிரைப் பந்தயம், பெண்களெல்லாம் புதுத் தொப்பியோடு போகிற நாள், மேசை முழுக்க மஞ்சளும் ஊதாவும் இறகும் பூவுமாகக் கிடக்க, நடுவில் இந்த ஒற்றைக் கறுப்பு…

சதாசிவத்தின் பட்டி அகலமானது. அப்படியென்றால் மனைவிதான். கோடை முடிந்து அவர் கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்து இங்கே வந்த புதிதில், வீட்டில எல்லாரும் சுகமோ, என்று ஒரு மரியாதைக்குக் கேட்டாள். வீட்டில ஆரும் இல்லை, என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் என்ன கேட்கிறது? அவளிடம் எத்தனை பேர் கேட்டுக் கேட்டு அழவைத்திருக்கிறார்கள்! மன்னாரில் கட்டின மனிசன் காய்ச்சலில் போனபிறகு ஒரு வருஷம் கறுப்புச் சேலையோடு மாதா கோயிலுக்குப் போனாள். எப்போது கழற்றலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒக்லண்டுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் சிவப்புக் கம்பளிச் சட்டை ஒன்றைக் கண்டாள், வாங்கினாள், போட்டாள், வானம் இடிந்து விழவில்லை. மகள் ஜெசிக்கா மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நைஸ், என்றாள். அந்த ஜெசிக்காதான் இப்போது, அம்மா, ஜஸ்ட் ஆஸ்க் ஹிம், என்று தினமும் உயிரை வாங்குகிறாள், என்னத்தைக் கேட்கச் சொல்லுகிறாள் என்று தெரியாதமாதிரி ராசமணியும் பாத்திரம் கழுவுவாள். கேட்கவில்லை, சமைத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமைதோறும் ஒரு டப்பா. துக்கத்தில் இருக்கிறவர், அதுவும் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், மச்சம் மாமிசம் தொடமாட்டார் என்று தானாகவே முடிவு கட்டிக் கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பூசணிக்காய்… பிறந்ததிலிருந்து மீன் மணத்தோடு வளர்ந்த கை, பூசணிக்காயை வெட்டும்போது அதற்கே வெட்கமாக இருந்தது. ஆனால் டப்பாவைத் திருப்பித் தரும்போது அவர், நல்லாயிருந்தது, என்பார், அந்த ஒரு சொல்லுக்காகப் புதன்கிழமையே அடுத்த திங்களின் மரக்கறியை யோசிக்கத் தொடங்கிவிடுவாள். இது என்ன வயதில் என்ன புத்தி… நாற்பத்தாறு ஒரு வயதா, வயதுதான்… சரி, கொஞ்சம் ஒல்லியான கறுப்பு. அதுதான் சரி. துக்கம் இருக்கிறது, ஆனால் மெல்லமெல்லக் கரைகிறது, என்று தொப்பியே சொல்லட்டும். தைத்தாள். இடதுபக்கம் சின்ன முடிச்சையும் வைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது கடைக் கதவு மணி அடித்தது.

வந்துவிட்டார். வெறுந்தலையோடு பார்க்கச் சின்னப் பொடியன் மாதிரி. தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, அட, புதுசு மாதிரியெல்லோ, என்றார், பிறகு, பட்டி கொஞ்சம் ஒல்லியாப் போச்சுப் போல? கண்டுபிடித்துவிட்டார், கோபமோ, அவருடைய துக்கத்தில் கத்தரிக்கோல் வைக்க நான் யார்… மொரீனுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது, தேநீர்க் கோப்பையோடு உள்ளேயிருந்து வந்தவள், யாருக்காக இந்தக் கறுப்பு, உன் மனைவிக்கா, என்று ஆங்கிலத்தில் பட்டென்று கேட்டேவிட்டாள். ராசமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாட் வைஃப்?" என்றார் சதாசிவம்.

கண்ணைத் திறந்தாள். அவர் மொரீனைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், பிறகு ராசமணியை.

"எனக்குக் கலியாணமே நடக்கேல்லையே. இது பழைய சாமான் கடையில எடுத்த தொப்பி. பட்டி தொப்பியோட வந்தது."

"அப்ப… ஒருத்தரும் சாகேல்லையோ?"

"என்ர வீட்டில ஒருத்தரும் சாகேல்லை. நீங்கள் இவ்வளவு நாளும் நான் துக்கத்தில எண்டோ நினைச்சனீங்கள்?"

"ஓம்."

"அதாலதானோ எனக்கு ஒவ்வொரு கிழமையும் பூசணிக்காய்?"

"நீங்கள் மரக்கறிதானே?"

"ஐயோ, நானோ! நீங்கள் சுத்தச் சைவமெண்டு பயந்தெல்லோ நான் மீன் பொரிச்ச நாளில பஸ் தரிப்பில தள்ளி நிண்டனான்."

முதலில் சிரித்தது யார் என்று பிறகு அவளால் நினைவுபடுத்த முடியவில்லை, மொரீனாகத்தான் இருக்கும், ஒரு சொல்லும் விளங்காமலே சிரிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். ராசமணிக்குக் கண்ணில் நீர் வழிந்தது, விலா நொந்தது, அந்தப் பாழாய்ப்போன பூசணிக்காய்களை எல்லாம் நினைக்க நினைக்கத் தாங்க முடியவில்லை. அவர் தொப்பியை மேசையில் வைத்து, கறுப்பை எடுத்துப்போடுங்கோ, உங்களுக்குப் பிடிச்ச நிறம் ஒண்டு போடுங்கோ, என்றார். மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் மேலாக அவள் கை தானாகவே போய் மாதுளைச் சிவப்பில் நின்றது. ஆண்களுக்கு இது கொஞ்சம் அதிகமோ, என்று கேட்டாள். தையுங்கோ, என்றார், எதிரில் கதிரை போட்டு உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார், அவளும் வேண்டுமென்றே மெதுவாகத் தைத்தாள்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. சந்தியில் மீனும் சிப்ஸும் விற்கிற கடை திறந்திருக்கிறது, ஸ்னப்பர் மீன் புதுசாக இருக்கும், நான் போய்ச் சொல்லிவிட்டு நிற்கிறேன், என்று சொல்லிச் சிவப்புப் பட்டியோடு முன்னே நடந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போதுதான் அந்த யோசனை வந்தது, இத்தனை மாதமும் நான் இரங்கினது இல்லாத ஒருத்திக்காக, இல்லாத ஒரு சோகத்துக்காக, சரி, அந்த இரக்கம் இப்போது போய்விட்டது, ஆனால் அதைத் தூக்கிய பிறகும் அடியில் ஏதோ அப்படியே கிடக்கிறதே, கொஞ்சமும் குறையாமல், இதற்கு என்ன பேர்… அவர் வீதியைக் கடக்கப் போனார், பக்கத் தெருவிலிருந்து ஒரு வான் திரும்பியது, அவர் கவனிக்கவில்லை. கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுகிறது? பஸ் தரிப்பில் எப்போதும் எதிரெதிரே நின்றுதான் கதைத்திருக்கிறார்கள், கூப்பிட வேண்டிய தேவையே வந்ததில்லை. அண்ணை என்று வாய் திறந்தாள், அண்ணை வரவில்லை, பேரும் வரவில்லை.

"இஞ்சேருங்கோ!"

அவர் சட்டென்று நின்றார். வான் போய்விட்டது. ஊரில் பெண்கள் புருஷன்மாரை மட்டும் கூப்பிடுகிற சொல் அது, மனிசன் போன நாளிலிருந்து அவள் வாய்க்குள் அது எங்கே இருந்ததென்று அவளுக்கே தெரியாது. அவர் மெதுவாகத் திரும்பி, நடைபாதை விளிம்பில் நின்றபடி அவளைப் பார்த்தார், அவருக்கும் அந்தச் சொல் தெரியும், தெரியாமல் இருக்குமா…

"என்ன?" என்றார்.